பழைய ஊரேடுகளில் ஒரு குடும்பத்தைத் தேடுதல்

வட்டுக்கோட்டை செமினரியை 1823-ல் தொடங்கிய டானியல் பூவர் ஐயரை நம் பெரியவர்கள் பலர் அறிவார்கள். அவர் 1789-ல் மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் ஊரில் பிறந்தவர். அவரைப் போன்ற ஒருவருடைய முன்னோரைத் தேட வேண்டுமானால் எங்கே போவது? தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகம் உதவாது. 1790-ல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவி, பிள்ளைகள் எல்லாரும் வெறும் எண்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு சுதந்திர மனிதரின் பெயரையும் எழுதத் தொடங்கியது 1850-ல்தான். அதற்கு முந்திய காலத்துக்கு ஊர் எழுத்தரின் ஏடுகளையும் சபைப் பதிவேடுகளையும்தான் புரட்ட வேண்டும்.

மாசசூசெட்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று 1639-லேயே உத்தரவு பிறந்தது. சபை ஏட்டில் ஞானஸ்நானமும் சபையில் சேர்ந்த நாளும் இருக்கும். ஆனால் திருமணத்தை அங்கே தேடி ஏமாறக் கூடாது. பியூரிட்டன்கள் திருமணத்தை அரசு சார்ந்த ஒப்பந்தமாகவே கருதினார்கள். 17-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதை நடத்தி வைத்தவர் நீதிபதியே, போதகர் அல்ல. ஆலயத்தில் தாலி கட்டிப் பழகிய நமக்கு இது விநோதமாகத்தான் இருக்கிறது.

தேதிகளிலும் கவனம் வேண்டும். 1752 வரை அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து எழுதுவார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்ப வேதாகமத்தில் அவர் பிறந்த நாள் 1731/2 பிப்ரவரி 11 என்றுதான் இருக்கிறது.

நிலமும் ஆஸ்தியும் உள்ளவர்களுக்கு உயிலும் பத்திரமும் உண்டு. ஏழைகளை எங்கே தேடுவது? அவர்கள் பெயர் நாம் எதிர்பாராத ஓரிடத்தில் கிடைக்கிறது. அந்நாளில் ஏழைகளைப் பராமரிப்பது அந்தந்த ஊரின் பொறுப்பு. புதிதாக வந்து குடியேறியவர்கள் நாளைக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று, ஊர் நிர்வாகிகள் காவலரை அனுப்பி, "இந்த ஊரைவிட்டுப் போய்விடுங்கள்" என்று அறிவிப்பார்கள். பலர் போகவில்லை, அங்கேயே வாழ்ந்தார்கள். ஆனால் அறிவிப்பு கொடுத்துவிட்டால், பின்னால் அவர்கள் வறுமையில் விழுந்தாலும் ஊர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அந்த அறிவிப்புகளில் கணவன், மனைவி, பிள்ளைகளின் பெயர்களோடு, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதையும் பெரும்பாலும் குறித்து வைத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இது நடந்தது. வரவேற்க மனமில்லாமல் எழுதிய காகிதம், சில குடும்பங்களுக்கு இன்று கிடைக்கும் ஒரே சாட்சி. வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய நாம் இதை வாசிக்கும்போது சும்மா கடந்துபோக முடியவில்லை.

இன்னொரு சாட்சி வேதாகமத்திலிருந்தே வருகிறது. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே உள்ள வெற்றுத் தாள்களில் குடும்பத்தின் பிறப்பு, இறப்புகளை எழுதி வைப்பது அவர்களுடைய வழக்கம்; நம் பாட்டிமார் வேதாகமங்களிலும் இதைப் பார்த்திருக்கிறோம். சுதந்திரப் போரில் ஊழியம் செய்த வீரர்களின் விதவைகளுக்கு 1836-ல் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் எதுவும் இல்லாத சில மூதாட்டிகள் அந்தத் தாளையே வேதாகமத்திலிருந்து கிழித்து அனுப்பிவிட்டார்கள். அப்படிப் போன தாள்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஓய்வூதியக் கோப்புகளுக்குள் இருக்கின்றன. குடும்பத்தின் வேதாகமம் எங்கோ தொலைந்துபோயிருக்கும். கிழித்த தாள் மட்டும் பிழைத்திருக்கிறது.

அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியாருக்கு வழி இன்னும் கடினம். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை உண்டு. அதில் எஜமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் வரிசையாக இருக்கும். மிகச் சில இடங்கள் தவிர, அவர்களுடைய பெயர் இராது. 1870 கணக்கெடுப்பில்தான் பெரும்பாலோர் பெயரோடு வருகிறார்கள். அதற்கு முன்னே போக வேண்டுமானால் எஜமானின் உயிலையும், அவர் இறந்தபின் மாவட்ட நீதிமன்றத்தில் பதிந்த சொத்துக் கணக்கையும் தேடி எடுக்க வேண்டும். அங்கே மாடு, கட்டில், இரும்புப் பானை ஆகியவற்றுக்கு நடுவில், ஒரு தாயின் பெயரும் அவள் பிள்ளைகளின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலையும் இருக்கும்.