உச்சம் எது? சிறுகதை வகுப்பில் கதைப்பின்னலைக் கற்பித்தல்

சிறுகதை நடத்தும் வகுப்புகளில் ஒரு படம் நிலைபெற்றுவிட்டது. கரும்பலகையில் ஒரு மலை. அடிவாரத்தில் அறிமுகம், ஏற்றத்தில் சிக்கலும் அதன் வளர்ச்சியும், சிகரத்தில் உச்சம், இறக்கத்தில் தீர்வு, மறுபக்கத்து அடிவாரத்தில் முடிவு. கதையின் நிகழ்ச்சிகளை எடுத்து மலையில் அவற்றுக்குரிய இடத்தில் மாணவர் பொருத்த வேண்டும். பொருத்திவிட்டால் பாடம் முடிந்தது, மதிப்பெண்ணும் உறுதி. கதைக்கூறுகளை இனங்காணும் இப்பயிற்சியைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வாசிப்பைத் தொடங்கி வைக்க வேண்டிய பயிற்சி வாசிப்பை முடித்து வைக்கிறது என்பதே என் குறை. ஒரு கதையின் உச்சம் எது என்பதை மாணவர் வாதிட்டு நிறுவ வேண்டும்; பாடத்திலிருந்து பொறுக்கி எடுத்து எழுதும் தகவலாக அதைக் கற்பிக்கக் கூடாது.

முதலில் இந்த மலை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863இல் நாடகக்கலை பற்றி ஒரு நூல் எழுதினார். கிரேக்க அவல நாடகங்களையும் ஷேக்ஸ்பியரையும் முன்வைத்து, நாடகத்தின் போக்கை ஏறி இறங்கும் ஐந்து பகுதிகளாக வகுத்தார். அவர் பகுப்பில் உச்சம் நடுவில், ஏறத்தாழ மூன்றாம் அங்கத்தில் நிற்கும். அதன்பின் நாயகனின் வீழ்ச்சிக்கு இரண்டு அங்கங்கள் மிஞ்சும். பள்ளிப் படத்தில் சிகரம் வலப்புறம் நகர்ந்து முடிவுக்கு அருகே போய்விட்டது. ஐந்து அங்க அவல நாடகத்துக்குத் தைத்த சட்டையைக் கைப்பக்கம் பிடித்து, கீழ்ப்பக்கம் வெட்டிச் சிறுகதைக்குப் போட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு முன்பே, 1842இல், ஹாதோர்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில் எட்கர் ஆலன் போ வேறோர் அளவுகோலை வைத்துவிட்டார். ஒரே அமர்வில் படித்து முடிக்கும் கதையின் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கி உழைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சிறுகதையை மனத்தில் வைத்துச் சொன்ன அந்தக் கருத்து வகுப்பறைக்குள் அதிகம் வரவில்லை.

தமிழிலும் ஐந்து பகுதி வகுப்பு உண்டு. சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்குநல்லார் நாடகத்தின் சந்திகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் நெல் விளைச்சலோடு வைத்து விளக்குகிறார். உழுத புழுதியில் இட்ட விதை முளைப்பதில் தொடங்கி, நாற்றாகி, கருக்கொண்டு, கதிர் முற்றி, அறுத்துப் போரடித்து உண்பதில் அந்த விளக்கம் முடிகிறது. இதுவும் நாடகத்துக்கு உரியதுதான். வடமொழி நாட்டிய மரபோடு உறவுடையதும்கூட. இது தமிழ் என்பதற்காகச் சிறுகதைக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனால் இதில் எழும் கேள்வி வேறு. மோதல் எங்கே முற்றுகிறது என்று மலை கேட்கிறது. இங்கே அறுத்தது எங்கே விதைத்தது என்று நெல் கேட்கிறது. சிறுகதை வாசகருக்கு இரண்டாவது கேள்வியே அதிகம் உதவும் என்பது என் கணிப்பு.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையை இந்த இரண்டு கேள்விகளுக்கும் உட்படுத்திப் பார்க்கலாம். கதை குழந்தைகளின் விளையாட்டில் தொடங்குகிறது. வீட்டுக் கதவுதான் அவர்களுக்குப் பஸ். டிக்கெட்டு கொடுப்பதும் ஏறி ஆடுவதுமாக ஒரே கும்மாளம். பிறகு தீர்வை பாக்கிக்காகக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. இறுதியில், ஓரிடத்தில் கிடக்கும் தங்கள் கதவைப் பிள்ளைகள் கண்டுகொண்டு அதைப் பற்றிக்கொள்கிறார்கள். மலைப்படம் வரைந்து பழகிய மாணவர், விளையாட்டை ‘அறிமுகம்’ என்று ஒதுக்கிவிட்டு, கதவு பறிபோவதையோ குழந்தையின் சாவையோ சிகரத்தில் வைப்பார். விதையைத் தேடும் மாணவர் கடைசியிலிருந்து பின்னோக்கி நடப்பார். பிள்ளைகள் கதவைப் பற்றிக்கொள்ளும் இடம் நம்மை ஏன் உலுக்குகிறது? தொடக்கத்தில் அந்தக் கதவோடு அவர்கள் கூத்தடித்ததை நாம் பார்த்திருக்கிறோம். அப்படியானால் அந்த விளையாட்டு அறிமுகம் மட்டும்தானா?

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பகுதியை நீக்கினாலும் வேறுபாடு தெரியாவிட்டால் அது முழுமையின் உறுப்பாகாது என்றார் அரிஸ்டாட்டில். ரஷ்ய உருவவியலாளர் தோமஷேவ்ஸ்கி 1925இல் இதை நுணுக்கினார். காரண காரியத் தொடர் அறாமல் நீக்க முடியாதவை கட்டுண்ட கூறுகள். நீக்க முடிந்தவை கட்டற்ற கூறுகள். ‘கதவு’ கதையிலிருந்து பஸ் விளையாட்டை வெட்டிப் பாருங்கள். வரி பாக்கி, கதவு பறிப்பு, குளிர், சாவு என்ற சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறாது. ஆனால் மிஞ்சுவது தாலுகா அலுவலகத்துக்கு எழுதிய மனுபோல இருக்கும். காரணச் சங்கிலிக்குத் தேவையற்ற கூறு, போ சொன்ன விளைவுக்கு உயிராக நிற்கிறது. கட்டற்ற கூறுகளே ஒரு படைப்பின் கட்டமைப்பைத் தீர்மானிப்பதும் உண்டு என்பதைத் தோமஷேவ்ஸ்கியும் அறிந்திருந்தார். இரண்டு கோட்பாடுகள் ஒரே பத்தியைப் பற்றி எதிரெதிரான தீர்ப்புச் சொல்கின்றன. ஆசிரியர் நிதானிக்க வேண்டிய இடம் இது; நாமோ ‘அறிமுகம்’ என்று அடிக்கோடிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம்.

கு. ப. ரா.வின் ‘விடியுமா?’ மலைப்படத்தை வேறு வகையில் திணற வைக்கும். கணவனுக்கு ஆபத்து என்று தந்தி வருகிறது. மனைவியும் உடன்பிறந்தவனும் இரவு ரயிலில் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். கதையின் பெரும்பகுதி அந்தப் பயணம்தான். நம்பிக்கையும் அச்சமும் மாறிமாறி வருகின்றன. அவர்கள் மருத்துவமனையை அடையும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. தீர்மானமான நிகழ்ச்சி நம் கண்ணுக்கு அப்பால் நடந்துவிட்டது. நிகழ்ந்த வரிசை ஒன்று, நமக்குச் சொல்லப்படும் வரிசை இன்னொன்று என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவருக்கு உணர்த்த இதைவிட எளிய கதை எனக்குத் தெரியவில்லை. இரண்டு கோடுகள் போட்டு, ஒன்றில் மருத்துவமனையில் நடப்பதையும் மற்றதில் ரயிலுக்குள் நடப்பதையும் குறிக்கச் சொன்னால் போதும். சாவை எந்தக் கோட்டில் வைப்பது என்று வகுப்பு இரண்டுபடும்.

முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பிடித்து நடக்க ஒரு கைப்பிடி வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1970களில் கதை இலக்கணம் பற்றி ஆராய்ந்த உளவியலாளர்கள், மாண்ட்லரும் ஜான்சனும் 1977இல் எழுதிய கட்டுரை உட்பட, கதையின் வழக்கமான கட்டமைப்பைப் பற்றிய அறிவு கதையை நினைவில் வைக்கத் துணை செய்வதை விளக்கினார்கள். ஆனால் அவர்கள் பெரிதும் கையாண்டவை எளிய நாட்டார் கதைகள். பாட்டி சொல்லும் கதைக்கு அந்த இலக்கணம் கச்சிதமாகப் பொருந்தும். ஆறாம், ஏழாம் வகுப்பில் அதைத் தாராளமாகக் கற்பிக்கலாம். நவீனச் சிறுகதை அந்த எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டே விளையாடுவதால், மேல்வகுப்பிலும் அதே படத்தைப் போட்டுக்கொண்டிருந்தால் கைப்பிடியே கால்கட்டாகிவிடும். மலைப்படம் நீடிப்பதற்கு உண்மையான காரணம் கோட்பாட்டில் இல்லை, திருத்தும் மேசையில் இருக்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. கட்டுக்கட்டாக விடைத்தாள் குவிந்திருக்கும்போது, விடைக்குறிப்பில் ஒரே உச்சம் இருந்தால்தான் கை ஓடும்.

ஆகவே மாற்றத்தை வினாத்தாளில் தொடங்க வேண்டும். தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ கதையில் பொறாமை முற்றிய கிழவர் சாமநாது, கல்யாண வீட்டுப் பாயச அண்டாவைக் கவிழ்க்கிறார். அதன்பின் தம் மகளின் பார்வைக்கு முன் நிற்க நேர்கிறது. ‘இக்கதையின் உச்சம் எது?’ என்று கேட்பதைவிட, ‘அண்டா கவிழும் இடம், மகள் பார்க்கும் இடம், இரண்டில் ஒன்றை உச்சமாகக் கொண்டு, மற்றதை உச்சம் என்பாருக்கு மறுப்பு எழுதுக’ என்று கேட்கலாம். ஐந்து மதிப்பெண்ணில், எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஒன்றும் இல்லை. கதையிலிருந்து காட்டும் சான்றுக்கு மூன்று, மறுப்புக்கு இரண்டு. திருத்துவதற்கு நேரம் கூடும்தான். மௌனியின் கதை ஒன்றைக் கொடுத்து இதே வினாவைக் கேட்டால், இதில் உச்சம் என்று ஒன்று இல்லை என்று ஒரு மாணவி சான்றோடு எழுதக்கூடும். அந்த விடைக்கு முழு மதிப்பெண் தர விடைக்குறிப்பில் இடம் இருக்க வேண்டும்.