பச்சைச் சூரியனும் பனி முகிலும்

டச்சுக்காரர் கோட்டையின் கதையைச் சென்ற இதழோடு முடித்துக்கொண்டோம். பழவேற்காட்டுக் கரையின் சரித்திரத்தில் ஆகாயத்துக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

1883ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ஜாவாவுக்கு அருகே கிராகடோவா எரிமலை வெடித்துச் சிதறியதன் பயனாக, அடுத்த மாதம் சென்னையில் சூரியன் உதயத்திலும் அஸ்தமனத்திலும் பச்சை நிறங்கொண்டு தோன்றியதை அரசாங்க வானநூலறிஞர் போக்சன் குறித்து வைத்தார். கிறிஸ்துவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித், பிற்காலத்தில் கொடைக்கானல் வானாய்வகத்தின் தலைமையை ஏற்றவர், அவ்வொளியை நிறமாலைக் கருவியிலிட்டுப் பரிசோதித்தார். அதுமுதல் அந்திவானத்தை உற்றுநோக்கும் ஆவல் உலகெங்கும் பரவியிருக்க, 1885ஆம் ஆண்டுக் கோடையில் வட ஐரோப்பாவின் இரவு வானில் நீலமும் வெண்மையுமாய்ச் சுடர்விடும் அபூர்வ முகில்கள் தென்பட்டன. பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்ஸே, வெவ்வேறிடங்களிலிருந்து ஒரே நேரத்தில் படமெடுத்துக் கணித்து, அவற்றின் உயரம் சுமார் 82 கிலோமீட்டர் என்று நிர்ணயித்தார். எரிமலைத் தூசி என்றே பலரும் கருதிய அவை, மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய பனித்துகள்கள்! துருவத்தில் கோடைகாலத்தில்தான் அவ்வுயரத்துக் காற்று மேலெழுந்து விரிந்து, பூஜ்யத்துக்குக் கீழே 120 டிகிரிக்கும் மேலாகக் குளிர்கிறது என்பது இயற்கையின் விநோதங்களுள் ஒன்று.

அத்துகள்கள் எலெக்ட்ரான்களைக் கவர்ந்து மின்னேற்றம் பெற்று, எலெக்ட்ரான்களின் பரவலைத் தாமதப்படுத்துவதால், காற்றின் கொந்தளிப்பு அங்கே ராடாருக்குப் பளிச்சென்று புலப்படுகிறது. பனியே உறையாத நம் அட்சரேகையில் அக்கொந்தளிப்பை எவ்வாறு அறிவது? திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கி ராடாருக்கு, சூரியன் எலெக்ட்ரான்களை விளைவிக்கும் பகற்பொழுதில் மட்டுமே அவ்வுயரங்களிலிருந்து எதிரொலி வருகிறது. ஆகவே 2004 ஜூலையில், பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு ராக்கெட் எலெக்ட்ரான் அடர்த்தியை அளந்து செல்ல, அரைமணி நேரத்துக்குப் பின் இன்னொன்று மெல்லிய இழைகளைத் தூவிக் காற்றின் போக்கைக் காட்டிற்று. 67.5 முதல் 78 கிலோமீட்டர் வரையிலும், பனி முகில்களின் உயரத்தை ஒட்டிய 84 முதல் 89 வரையிலும் எலெக்ட்ரான் அடர்த்தி சீர்குலைந்திருந்தது. மேற்கே நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்த காதங்கி ராடாரும் 73.5க்கும் 77.5க்கும் இடையே பலத்த எதிரொலியொன்றைக் கண்டது. துருவத்துக்கே உரியதென்று நினைக்கத்தக்க கொந்தளிப்பு, பனியின் உதவியின்றியே நம் தலைக்குமேலும் நிகழ்கிறது. பனி அதைத் துலக்கிக் காட்டுகிறதேயொழிய உண்டாக்குவதில்லை.

ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகலாகாதென்று அறிவிப்பு வர, முகத்துவாரத்துக்கு இப்பால் படகுகள் மணலில் கிடக்கும். ஏரியிலோ அன்றைக்கு யாருடைய பாடோ, அதாவது மீன்பிடிக்கும் முறையோ, அவரே வலை கட்டுவார். தங்கள் ஒருநாள் வருமானம் எந்த வித்தைக்காக நின்றதென்று இம்மீனவர்களுக்கு எவரேனும் விளக்கியதுண்டோ என்பது என் சந்தேகம்.

ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அரசாங்கத்தின் வசமான விதத்தையும், அங்கே குடியிருந்த யானாதிப் பழங்குடியினர் இடம்பெயர்ந்ததையும் அடுத்த இதழில் காண்போம்.