கானா: வடசென்னைத் துறைமுகக் கரையின் பாட்டு

கானா, சென்னையின் உழைக்கும் மக்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டிக்கொண்ட பாட்டு. பாடுகிறவரே சொல்லைக் கட்டுவார், மெட்டைப் பிடிப்பார், பல நேரங்களில் தாளத்தையும் அவரே தட்டுவார். குரு கிடையாது, ஏடு கிடையாது. நெடுங்காலம் இசைத்தட்டு நிறுவனமும் சபாவும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு தொடங்கி வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் நிலம் அதன் தாய்வீடு. அங்கே தொழில் மாறும்போதெல்லாம் பாட்டும் மாறியிருக்கிறது. அதனால் கானாவின் வரலாற்றைத் துறைமுகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வராமல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கடந்து சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். கயிற்றால் தைத்த பலகைகளால் ஆன அந்தப் படகுகளை ஓட்டியவர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் குடியிருந்தார்கள். இராயபுரத்தில் 1829இல் எழுந்த புனித இராயப்பர் ஆலயம் அந்தப் படகுக்காரச் சமூகத்தார் கட்டியது. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜாவுக்குப் புறப்பட்டது. 1870களில் துறைமுகச் சுவர் கட்டும் வேலை தொடங்கியது. 1881இல் வந்த புயல் அதைப் புரட்டிப் போட, மறுபடியும் கட்டினார்கள். அதே காலத்தில் பெரம்பூர்ப் பக்கம் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்தன.

படகும் ரயிலும் ஆலையும் ஆட்களைக் கேட்டன. செங்கல்பட்டிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் நெல்லூர்ப் பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து குவிந்தார்கள். அவர்களில் தலித் மக்கள் கணிசமானோர். ஊரில் பண்ணையாருக்கு அடங்கிக் கிடந்தவர்களுக்கு இங்கே கையில் கூலி கிடைத்தது. ஆனால் நகரமும் அவர்களுக்கெனத் தனியாகச் சேரிகளை ஒதுக்கத் தவறவில்லை. தமிழும் தெலுங்கும் உருதுவும் மூட்டை தூக்கும் இடத்தில் கலந்தன. துரைமாரின் ஆங்கிலத்தில் பாதியும் அதில் சேர்ந்தது. பின்னால் மெட்ராஸ் பாஷை என்று மற்றவர்கள் கேலி செய்த பேச்சு இப்படித்தான் உருவாயிற்று. கானாவின் மொழி அதுவே. கேலிக்கு ஆளான அந்தப் பேச்சை வெட்கமில்லாமல் நிமிர்த்தி வைத்துப் பாடியது கானா மட்டுமே என்றால் மிகையாகாது.

வாய்மொழிப் பாட்டுக்குப் பிறந்த தேதி கிடையாது. ஆனால் கானா முளைத்த மண்ணில் அதற்கு முன்பே பாட்டு விளைந்திருந்தது. திருவொற்றியூர் தேவாரம் பெற்ற தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததாகப் புராணம் சொல்லும் ஊரும் அதுவே. செல்வத்தைத் துறந்து, உடம்பின் நிலையாமையை ஈவிரக்கமின்றிப் பாடிய பட்டினத்தாரின் சமாதி அங்கே கடற்கரையோரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வள்ளலார் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய்வந்தார். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு தண்டையார்பேட்டைப் பகுதியில் வாழ்ந்து 1838இல் மறைந்தார். அவருடைய தர்கா இன்றும் அங்கே உண்டு. சித்தர் மரபையும் இஸ்லாமிய ஞானத்தையும் ஒரே மூச்சில் பாடியவர் அவர். கானாவின் வேரை அவரிடம் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு. நேரடி வாரிசுரிமை பேசுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சாவைக் கண்ணுக்கு நேர் பார்த்துப் பாடுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல என்ற அளவில் அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு ஊற்று, அச்சிட்ட தெருப்பாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள் விற்றன. புயல், ரயில் விபத்து, கொலை வழக்கு, கள்ளு, வேலைநிறுத்தம் என எதையும் சிந்தாகப் பாடி விற்றார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலில் இந்த உலகத்தை ஆராய்ந்திருக்கிறார். நேற்று நடந்ததை இன்று பாட்டாக்கிவிடும் அந்த வேகம் கானாவிலும் அப்படியே தெரிகிறது.

கானாவுக்கு முதல் மேடை சாவு வீடு. ஒருவர் இறந்தால் உடல் எடுக்கும்வரை இரவு முழுக்க உறவும் தெருவும் விழித்திருக்க வேண்டும். பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். ஆண்கள் வாசலில் பந்தலுக்குக் கீழே கானா பாடுவார்கள். அதற்கு மரண கானா என்று பெயர். இறந்தவர் பெயர், அவர் பார்த்த வேலை, தெரு, அவர் யாருக்கெல்லாம் உறவு, யாரோடெல்லாம் சண்டை என அனைத்தும் பாட்டுக்குள் வந்துவிடும். பாடகருக்குக் குடும்பத்தைத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் நாலு செய்தி கேட்டுக்கொண்டு அங்கேயே கட்டுவார். முதலில் தாளமில்லாத தொகையறா. பிறகு குதித்து ஓடும் திஸ்ர நடை. பழைய மெட்டை, பெரும்பாலும் சினிமா மெட்டை, எடுத்துக்கொண்டு சொல்லைப் புதிதாக வைப்பது குற்றமாகக் கருதப்படுவதில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று படத்துக்கு மாலை போட்டு மறுபடியும் ஒரு கச்சேரி நடக்கும். சாவு வீட்டில் சிரிப்பு எழுந்தால் அதைக் குறையாக யாரும் எண்ணுவதில்லை. அழுகைக்கு நடுவே ஆளைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவனே நல்ல பாடகன். மரண கானா விஜி போன்றவர்களுக்கு அந்தப் பாட்டே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது.

கருவிகளும் கைக்கு எட்டியவைதாம். தீப்பெட்டி, மேசை, தகரம், பானை. கொஞ்சம் காசு சேர்ந்தால் டேப் மேளமும் டோலக்கும். கேரம் கிளப்புகளும் டீக்கடை பெஞ்சுகளும் ஒத்திகை இடங்கள். சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே 1837 முதல் 2006 வரை இயங்கிய மத்தியச் சிறை இன்னொரு பள்ளிக்கூடம். அங்கிருந்து வந்த ஜெயில் கானாக்களுக்குத் தனி ரசிகர்கள் உண்டு. காதல் தோல்வி, குடி, மாரியம்மன், ஏசு, அல்லா என்று மற்ற வகைகளும் பெருகின. அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 அன்று அவரைப் பாடாத கானாக்காரர் அரிது.

தொழிற்சங்கத்தின் சூடும் இந்தப் பாட்டுக்குப் பின்புலமாக இருக்கிறது. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. 1921 வேலைநிறுத்தமோ புளியந்தோப்புக் கலவரத்தில் போய் முடிந்தது. ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள் சாதியால் பிரிந்து நின்றார்கள். அந்தப் பிரிவு நினைவிலிருந்து எளிதில் போகவில்லை. கானா தொழிலாளர் பாட்டாக இருக்கையிலேயே தலித் குடியிருப்புகளின் பாட்டாகவும் அழுத்தமாக அடையாளம் பெற்றதற்கு இத்தகைய பிளவுகளும் ஒரு காரணம்.

விடுதலைக்குப் பிறகு வடக்கே தொழில் நீண்டது. எண்ணூரில் அசோக் லேலண்ட், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் என வரிசையாக வந்தன. நிரந்தர வேலை கிடைத்தவர்கள் ஓரளவு மேலே வந்தார்கள். வாசலில் நின்றவர்களுக்குப் புகையும் சாம்பலும் மிஞ்சின. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறந்தபோது மூட்டை தூக்கும் வேலை சுருங்கத் தொடங்கியது. பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. மாதச் சம்பளக்காரரின் மகன் ஆட்டோவுக்கும் மீன்பாடி வண்டிக்கும் போனான். பாட்டில் ஆட்டோவும் ரவுடியும் போலீசும் கூடியது அப்போதுதான்.

அதே ஆண்டுகளில் கேசட் வந்தது. அதுவரை தெருவைத் தாண்டாத குரல் ஊரெங்கும் ஒலித்தது. சினிமாவுக்குக் கானாவைக் கொண்டுபோனதில் முதல் பங்கு இசையமைப்பாளர் தேவாவுக்கு. 1996இல் வந்த ‘காதல் கோட்டை’யில் அவர் தாமே பாடிய கானா தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. ஆனால் திரையில் ஒலித்த மெட்டு வடசென்னையுடையது, பாடியவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியினர் அல்லர். அந்தக் கதவு 2006இல் கொஞ்சம் திறந்தது. மிஷ்கினின் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் தாமே தோன்றி, மீன்களுக்குக் கல்யாணம் நடத்திய பாட்டைப் பாடினார். மீன் ஒவ்வொன்றும் உறவுக்காரராக வந்து நிற்கும் அந்தப் பாட்டு மீன்பிடித் துறையை அறிந்த நாவிலிருந்துதான் வர முடியும். 2012இல் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வந்தபோது புளியந்தோப்பைச் சேர்ந்த கானா பாலா வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார். சட்டம் படித்த அவர் அதற்கு முன்பே பல ஆண்டுகள் தெருவில் பாடியவர். 2018இல் ‘வடசென்னை’ படத்தில் டோலக் ஜெகனின் குரல் ஒலித்தது.

சினிமா பணத்தையும் பெயரையும் தந்தது. பாட்டைக் கொஞ்சம் குறுக்கவும் செய்தது. சாவு வீட்டில் மணிக்கணக்கில் ஓடும் கானா நாலு நிமிடக் குத்துப்பாட்டாகியது. பெண்ணைப் பழிக்கும் காதல் தோல்விக் கானா மட்டும் பெருகியதும், இணையம் வந்தபின் பார்வைக் கணக்குக்காக அது இன்னும் கீழிறங்கியதும் மறுக்க முடியாத குறைகள். குறையைச் சொல்லும்போது அதைத் தூண்டி வாங்கிய சந்தையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண்ணூரின் சாம்பல் வேறொரு வகைப் பாட்டைத் தந்தது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையங்களின் சாம்பலால் தூர்ந்துகொண்டிருந்தது. மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியும் நகரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2017 ஜனவரியில் ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ வெளிவந்தது. எழுதியவர், சினிமாவுக்கு வெளியே தாமே எழுதித் தாமே பாடும் கபேர் வாசுகி. பாடியவர் கர்நாடக இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா. சாம்பல் படிந்த அந்த இடத்திலேயே படமாக்கப்பட்ட அது, சென்னைப் பேச்சுத் தமிழில், ராகமாலிகையாக அமைந்தது. அதே மாத இறுதியில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்ட, மக்கள் வாளியால் அள்ளினார்கள். எண்ணூரின் பழைய அனல்மின் நிலையமும் அந்த ஆண்டே மூடப்பட்டது. இந்தப் பாடல் கானா அல்ல. ஆனாலும் மேடைச் சங்கீதம் தன் ராகங்களோடு சென்னைப் பேச்சைத் தேடி வடக்கே வந்தது இந்த வரலாற்றில் பதிய வேண்டிய செய்தி.

2017இன் இறுதியில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை அமைத்தார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் முன்வைத்த சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்த பெயர் அது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த முதல் நிகழ்ச்சியில் கானாவோடு ராப்பும் ராக்கும் கலந்தன. அந்தக் குழுவில் கானா பாடிய ஒரே பெண் இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி. ஆண்களே பாடிவந்த மரபில் அவர் நுழைந்ததே ஒரு திருப்பம். 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. கோயில் நுழைவைப் பற்றிய அவருடைய பாட்டு 2024இல் புகாருக்கும் மிரட்டலுக்கும் ஆளானது. 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா, சபாக்களின் மாதத்திலேயே கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை போட்டது.

இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான கானா பாடகர்களின் அடுப்பு எரிவது சினிமாவால் அல்ல. சாவு வீட்டுப் பந்தலிலும் பதினாறாம் நாள் காரியத்திலும் கல்யாணக் கச்சேரியிலும் கிடைக்கும் பணத்தால்தான்.