லீவர் துப்பாக்கி: தோட்டா சொல்லும் வரலாறு

பழைய கௌபாய் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாக நினைவிருக்கும். கதாநாயகன் நடுச்சாலையில் நின்று துப்பாக்கியை ஒரு கையாலேயே சுழற்றுவார். விசைக்குக் கீழே இருக்கும் வளையம் ஒருமுறை இறங்கி ஏறும். அடுத்த குண்டு தயார்! 1939ஆம் ஆண்டில் வெளியான 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஜான் வெய்ன் அப்படிச் சுழற்றிக் காட்டியதிலிருந்து, லீவர் துப்பாக்கி என்றாலே வீரம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவிவிட்டது.

ஆனால், அந்தப் படத்தில் அவர் கையில் இருந்தது 1892ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த வின்செஸ்டர் ரகம். கதையோ அதற்கு முந்திய காலத்தில் நடக்கிறது! திரைப்படத்தில் எந்தத் துப்பாக்கியையும் எந்தக் காலத்திலும் சுழற்றலாம். உண்மை வாழ்க்கையில் அப்படி முடிந்ததா? எந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்வது என்று அன்று முடிவெடுத்தவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அரசாங்கங்கள் முடிவெடுத்தன, சாதாரணச் சிப்பாய்கள் முடிவெடுத்தனர், பழங்குடியினரும் விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் முடிவெடுத்தனர். அந்த முடிவுகளின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை தெளிவாகத் தெரியும். லீவர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது அதன் தோட்டாவைத்தான்.

சட்டை வியாபாரியின் துப்பாக்கி

முதலில் இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். குழலுக்கு அடியில் நீளமான ஒரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். வளையத்தைக் கீழே தள்ளினால் சுட்டு முடித்த தோட்டாவின் வெறும் கூடு வெளியே விழும். சுத்தியும் பின்னால் இழுபட்டு நிற்கும். வளையத்தை மேலே இழுத்தால் புதிய தோட்டா குழலுக்குள் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் வெடிமருந்து கொட்டி, கோலால் இடித்து, நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே சுட முடிந்த காலத்தில் இது பெரும் புதுமை.

இதன் தொடக்கம் 1840களின் இறுதியில் வால்டர் ஹன்ட் என்பவர் செய்த முயற்சி. பின்னர் ஹொராஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் இருவரும் அதை மேம்படுத்தினர். ஆனால், குண்டின் வயிற்றுக்குள்ளேயே மருந்தை அடைத்த அந்தக் காலத் தோட்டாவில் வலு இல்லை, தொழில் நொடித்தது. அதை 1857இல் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் ஒலிவர் வின்செஸ்டர். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஆண்களுக்கான சட்டை தைத்து விற்றுப் பணம் சேர்த்தவர் அவர். துப்பாக்கி செய்யத் தெரியாது. ஆனால், யாரை வேலைக்கு வைப்பது என்று தெரியும். அவரிடம் பணியாற்றிய பெஞ்சமின் டைலர் ஹென்றி, செம்புக் கூட்டுக்குள் மருந்தும் குண்டும் அடங்கிய பாயிண்ட் 44 தோட்டாவை உருவாக்கி, அதற்கேற்ற துப்பாக்கிக்கு 1860 அக்டோபரில் காப்புரிமை பெற்றார். குழாயில் 16 தோட்டாக்கள் கொள்ளும். தோட்டா சரியான பிறகுதான் துப்பாக்கி சரியானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று மாதச் சம்பளம்

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. 16 முறை சுடும் துப்பாக்கியை அரசாங்கம் அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. வடக்குப் படையின் ஆயுதத் துறைத் தலைவர் ஜேம்ஸ் ரிப்ளி இத்தகைய துப்பாக்கிகளை விரும்பவில்லை. சிப்பாய்கள் தோட்டாக்களைக் கண்டபடி வீணாக்குவார்கள் என்பது அவருடைய வாதம். அதில் ஒரு நியாயமும் இருந்தது. ஏற்கெனவே பல அளவுத் துப்பாக்கிகளுக்குப் பல அளவுத் தோட்டாக்களை அனுப்பித் திணறிக்கொண்டிருந்த துறை அது. மேலும், ஹென்றியின் தோட்டா கிட்டத்தில் வல்லது. தூரத்தில் வலு குறைந்தது.

ஆயினும், எதிரியின் முன்னால் நிற்பவர் சிப்பாய்தானே? அவர் கணக்கு வேறாக இருந்தது. ஹென்றி துப்பாக்கியின் விலை சுமார் 40 டாலர். வடக்குப் படையில் சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது 13 டாலர். ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டிப் பலர் தங்கள் சொந்தப் பணத்தில் அதை வாங்கினர். அப்படி வாங்கிய இலினோய் 7ஆம் படைப்பிரிவு, 1864 அக்டோபர் 5இல் ஜோர்ஜியாவின் அல்லட்டூனா கணவாயில் தன்னைவிடப் பெரிய படையை எதிர்த்து நின்றது. போர் முடியும்வரை அரசாங்கம் வாங்கிய ஹென்றி துப்பாக்கிகளோ சுமார் 1,700 மட்டுமே.

ஏழு தோட்டாக்கள் கொண்ட ஸ்பென்சர் என்ற மற்றொரு லீவர் துப்பாக்கிக்கு நல்ல காலம் பிறந்தது. 1863 ஆகஸ்டில் அதிபர் ஆப்ரஹாம் லிங்கனே அதைச் சுட்டுப் பார்த்தார். அடுத்த மாதமே ரிப்ளி பதவியிலிருந்து விலக்கப்பட்டார். போர் முடிவதற்குள் சுமார் ஒரு இலட்சம் ஸ்பென்சர்கள் வாங்கப்பட்டன. அதற்கு முன் இறந்தவர்களுக்கு அந்தத் தாமதம் என்ன விலை என்று எந்த அலுவலகமும் கணக்கெழுதவில்லை.

வெற்றிக்குப் பின் வந்த தோல்வி

1866இல் ஹென்றியின் துப்பாக்கி மேலும் திருத்தப்பட்டு, வின்செஸ்டர் என்ற பெயரிலேயே வெளிவந்தது. பக்கவாட்டில் ஒரு சிறு கதவு. அதன் வழியாகத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் திணிக்கலாம். பளபளக்கும் வெண்கல உடலால் 'மஞ்சள் பையன்' என்று அது செல்லப்பெயர் பெற்றது. இந்த ரகத் துப்பாக்கிகள் வணிகர்கள் வழியாகப் பழங்குடியினர் கைக்கும் போய்ச் சேர்ந்தன.

1876 ஜூன் 25. மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. ஜோர்ஜ் கஸ்டரின் குதிரைப்படை லகோட்டா, செயென் மக்களைத் தாக்கச் சென்றது. படையினர் கையில் இருந்தவை ஒருமுறை சுட்டதும் மறுபடி தோட்டா போட வேண்டிய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள். எதிரே வில் அம்புகளோடு ஹென்றிகளும் வின்செஸ்டர்களும் இருந்தன. கஸ்டரும் அவருடன் நேரில் இருந்த சுமார் 210 பேரும் மாண்டனர். 1983இல் அந்தப் போர்க்களத்தில் பரவிய காட்டுத்தீ புல்லை எரித்த பின், 1984, 1985ஆம் ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் அங்கு ஆய்வு நடத்தினர். மண்ணில் கிடைத்த தோட்டாக் கூடுகளே யார் கையில் என்ன இருந்தது என்பதைச் சொல்லின.

அந்த வெற்றி நிலைத்ததா? இல்லை. 1877 மே மாதம் லகோட்டா வீரர் கிரேஸி ஹார்ஸ் தம் மக்களோடு சரணடைந்தார். குளிரும் பசியும் இராணுவத்தின் விடாத துரத்தலும் அவர்களை முடக்கின. காட்டெருமை மந்தைகள் அழிந்துகொண்டிருந்தன. நல்ல துப்பாக்கி இருந்தது. அதற்குத் தோட்டா செய்யும் தொழிற்சாலை அவர்கள் மண்ணில் இல்லை. யாருடன் போரிட்டார்களோ அவர்களின் சந்தையைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது. இதைவிடக் கொடுமையான நிலை வேறென்ன?

அதே 1877இல் உலகின் மறுபக்கத்திலும் இந்தப் பாடம் எழுதப்பட்டது. இன்றைய பல்கேரியாவில் உள்ள பிளெவ்னா நகரில், ஒஸ்மான் பாஷாவின் துருக்கியப் படையை ரஷ்யர்கள் முற்றுகையிட்டனர். துருக்கியர்கள் இரண்டு வகைத் துப்பாக்கிகளைக் கையாண்டனர். தூரத்தில் வரும்போது ஒற்றைத் தோட்டா பீபொடி மார்ட்டினி. பதுங்கு குழியை நெருங்கியதும் வின்செஸ்டர். பக்கத்திலேயே தோட்டாப் பெட்டிகள். எந்தத் தோட்டா எந்தத் தூரத்துக்கு என்று தெரிந்தவர்களின் ஏற்பாடு அது. ரஷ்யர்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தனர். எனினும், வெளியிலிருந்து வரும் வழிகள் அடைபட்டு உணவும் பொருளும் குறைந்தபோது, டிசம்பர் 10ஆம் தேதி பிளெவ்னாவும் பணிந்தது.

குடியேறிகளின் கணக்கு

போர்க்களத்தை விட்டு வீட்டுக்கு வருவோம். மேற்கு அமெரிக்காவில் குடியேறிய விவசாயிக்கு 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர் ஏன் பிடித்தது? பாயிண்ட் 44-40 என்ற அதன் தோட்டாவுக்காக. சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவைச் சுடும் சுழல் துப்பாக்கியையும் விற்கத் தொடங்கியது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே தோட்டாப் பெட்டி. அடுத்த கடை பல மைல் தூரத்தில் இருக்கும் ஊரில் இது சாதாரண வசதியா? 1873 ரகம் ஏழு இலட்சத்துக்கும் மேல் விற்றது.

ஆனால், அதே சமவெளியில் காட்டெருமை வேட்டையைத் தொழிலாகக் கொண்டவர்கள் அதை வாங்கவில்லை. அவர்களுக்கு வேகம் தேவைப்படவில்லை; நெடுந்தூரம் போய் ஒரே அடியில் வீழ்த்தும் கனமான தோட்டா தேவைப்பட்டது. எனவே, ஷார்ப்ஸ் போன்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளையே நம்பினர். ஒரே காலம், ஒரே மண். வேலை வேறு, தோட்டா வேறு.

யூட்டா மாநிலத்தின் ஒக்டன் நகரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரவுனிங், லீவர் துப்பாக்கியின் பொற்காலத்தை உருவாக்கினார். 1886, 1892, 1894, 1895 ஆகிய நான்கு வின்செஸ்டர் ரகங்களும் அவர் வடிவமைத்தவை. 1895இல் 30-30 என்ற புகையில்லா மருந்துத் தோட்டாவுடன் வந்த 1894 ரகம் அமெரிக்கக் காடுகளின் மான் வேட்டைத் துப்பாக்கியாகவே மாறிப்போனது. 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்படும் வரை ஏழு மில்லியனுக்கும் மேற்பட்டவை அங்கு செய்யப்பட்டன.

இராணுவங்கள் ஏன் கைவிட்டன?

இவ்வளவு புகழ் இருந்தும் பெரிய படைகள் மவுசர் போன்ற போல்ட் ரகத் துப்பாக்கிகளுக்கு மாறின. தரையில் குப்புறப் படுத்துச் சுடும் சிப்பாய்க்கு, கீழே இறங்கும் வளையம் மண்ணில் இடிக்கும். இன்னொரு காரணம் மீண்டும் தோட்டாதான். குழாய்க்குள் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அங்கேதான் வெடிக்கவைக்கும் மூடி உள்ளது. கூர்முனைக் குண்டைப் போட்டால், அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். எனவே, குழாய் ரகங்களுக்கு அன்று தட்டையான மூக்கு அவசியமாக இருந்தது; அது காற்றைக் கிழித்து நெடுந்தூரம் போகவில்லை.

இதற்குத் தீர்வு கண்டவை விதிவிலக்கான சில. ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சேவேஜ், தம் 1899 ரகத்தில் சுழலும் தோட்டா அறையை வைத்தார். பிரவுனிங்கின் 1895 ரகத்தில் பெட்டி அறை இருந்தது. அதனால்தான் முதல் உலகப் போரில் ரஷ்யா அதைத் தன் இராணுவத் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்யச் சொல்லி, ஏறக்குறைய மூன்று இலட்சம் வாங்க முடிந்தது.

வாங்குபவர் கேட்க வேண்டியவை

இந்த வரலாறு சட்டப்படி லீவர் துப்பாக்கி வாங்குவோருக்கு இன்றும் வழிகாட்டுகிறது. முதல் கேள்வி, எதற்காக? அடர்ந்த காட்டில் சுமார் 150 மீட்டருக்குள் மான் வேட்டை என்றால் 30-30 போதும். மன்றத்தில் இலக்கைச் சுடும் பயிற்சிக்குக் கைத்துப்பாக்கித் தோட்டா போடும் ரகம் செலவும் குறைவு, உதையும் குறைவு. கரடி உலவும் காட்டுக்குக் கனமான 45-70 உண்டு. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். தேவைக்கு மேல் வலுவை வாங்கியவர், உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுவார்.

இரண்டாவது, தொலைநோக்கி பொருத்த வேண்டுமா? பழைய வின்செஸ்டர்கள் வெறும் கூட்டை மேல்பக்கமாக உதறுவதால் அங்கே தொலைநோக்கி வைப்பது சிரமம். 1948இல் வந்த மார்லின் 336 பக்கவாட்டில் உதறும்; அதன் மேல்பக்கம் மூடியிருக்கும். மூன்றாவது, தோட்டா தொடர்ந்து கிடைக்குமா? அழகான பழைய துப்பாக்கிகள் பல, தோட்டா கிடைக்காமல் சுவரில் தொங்குகின்றன.

நான்காவது கேள்விதான் மிக முக்கியம். பாதுகாக்கத் தெரியுமா? பல லீவர் துப்பாக்கிகளில் குழாயைக் காலி செய்ய வளையத்தைத் திரும்பத் திரும்ப இயக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உயிருள்ள தோட்டா ஒன்று குழலுக்குள் ஏறி இறங்குகிறது. 'காலியாகிவிட்டது' என்று நினைத்த குழாயில் ஒன்று மிஞ்சியிருக்கலாம். ஆகவே, வாய்ப்பகுதி எப்போதும் ஆளில்லாத திசையில் இருக்க வேண்டும். விரல் விசையைத் தொடக்கூடாது. வீட்டில் பூட்டிய பெட்டிக்குள், தோட்டாவிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

வைத்துக்கொள்ளலாமா என்பதை முடிவு செய்வது வாங்குபவர் மட்டுமல்ல. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பின், 1997இல் பிரிட்டனில் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. மன்றங்களில் பலர் அதே தோட்டாவைப் போடும் லீவர் துப்பாக்கிக்கு மாறினர். அதற்கும் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். மலேசியாவிலோ 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றி ஒரு துப்பாக்கியையும் வைத்திருக்க முடியாது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. அது பாதி உண்மை. எந்த அம்பு, யாருக்காக, எத்தனை என்பதையும் எய்தவர்தானே தேர்ந்தெடுக்கிறார்? திரையில் சுழலும் துப்பாக்கிக்குத் தோட்டா தீர்வதே இல்லை. நிஜத்தில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைச் சுடுவதற்கு முன்பே போட்டுப் பார்ப்பவர் கையில்தான் எந்தத் துப்பாக்கியும் இருக்கத் தகும்.