கடன் சொன்னவர்களின் கடை

1922 பிப்ரவரி 2. காலை 7 மணி. பாரிஸின் லியோன் ரயில் நிலையத்தில், திஜோனிலிருந்து வரும் எக்ஸ்பிரஸுக்காக 34 வயது அமெரிக்கப் பெண் ஒருவர் காத்திருந்தார். வண்டி நின்றதும் ரயில் ஊழியர் ஒரு பொட்டலத்தை அவரிடம் நீட்டினார். உள்ளே, அச்சகத்திலிருந்து வந்த ஒரு நாவலின் முதல் இரண்டு பிரதிகள். ஒன்றை எடுத்துக்கொண்டு அவர், நாவலை எழுதிய ஜேம்ஸ் ஜாய்ஸின் வீட்டுக்கு விரைந்தார். அன்று ஜாய்ஸுக்கு 40-வது பிறந்த நாள். நாவல், ‘யுலிசஸ்’. அதை வெளியிட்டவர்? பொட்டலத்தை வாங்கிய அதே பெண், சில்வியா பீச்.

அவர் பதிப்பாளர் அல்ல; புத்தகக் கடைக்காரர். பாதிரியாரின் மகள். நியூயார்க்கில் பிரெஞ்சுப் புத்தகக் கடை திறக்கத்தான் முதலில் ஆசைப்பட்டார். அங்கே வாடகை கட்டுபடியாகாது என்று தெரிந்ததும் திட்டத்தைத் திருப்பிப்போட்டு, பாரிஸில் ஆங்கிலப் புத்தகக் கடை திறந்தார். முதலீடு, அம்மா தன் சேமிப்பிலிருந்து அனுப்பிய 3,000 டாலர். 1919 நவம்பர் 19 அன்று ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ பிறந்தது. 1921-ல் ஓதியோன் தெரு 12-ஆம் எண்ணுக்குக் குடிபெயர்ந்தது. அதே தெருவில் 7-ஆம் எண், தோழி அட்ரியென் மோனியேயின் பிரெஞ்சுப் புத்தகக் கடை.

முதல் உலகப்போருக்குப் பிறகு பிரெஞ்சு நாணயமான பிராங்கின் மதிப்பு சரிந்துகிடந்தது. கொஞ்சம் டாலர் இருந்தால் பாரிஸில் காலம் தள்ளலாம். அமெரிக்காவிலோ மதுவிலக்கு, புத்தகத் தணிக்கை. இளம் எழுத்தாளர்கள் கப்பல் ஏறினார்கள். ஆனால், ஆங்கிலப் புத்தகங்களைப் பிராங்கில் வாங்கினால் யானை விலை. எனவே, விற்பனையைவிட வாடகை நூலகமே கடையின் உயிர்நாடி ஆனது. 22 வயது எர்னெஸ்ட் ஹெமிங்வே முதல்முறை வந்தபோது முன்பணம் கட்டக் கையில் காசில்லை. பிறகு தரலாம் என்று சொல்லிப் புத்தகங்களைக் கொடுத்தனுப்பினார் சில்வியா. நிலையான முகவரி இல்லாதவர்களுக்குக் கடிதங்கள் கடைக்கே வந்தன. அவசரத்துக்குக் கைமாற்றும் கிடைத்தது. அதிகம் வாங்கியவர் ஜாய்ஸ்.

‘யுலிசஸ்’ பகுதிகளை வெளியிட்டதற்காக, ‘தி லிட்டில் ரெவ்யூ’ பத்திரிகையின் ஆசிரியர்களான இரு பெண்களுக்கு 1921-ல் நியூயார்க் நீதிமன்றம் ஆளுக்கு 50 டாலர் அபராதம் விதித்தது. ஆபாசம் என்பது குற்றச்சாட்டு. அதன்பின் ஆங்கிலம் பேசும் நாடுகளில் நாவலைத் தொட ஆளில்லை. சில்வியா முன்வந்தார். 1,000 பிரதிகள், ஆகக் குறைந்த விலை 150 பிராங்க், முன்பதிவுப் பணம் வர வர அச்சுக்கூலி. திஜோன் அச்சக உரிமையாளர் தாரான்தியேர் இதற்கு ஒப்புக்கொண்டார். ஜாய்ஸோ மெய்ப்புத் தாள்களிலேயே நாவலின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் புதிதாக எழுதிச் சேர்த்தார். எழுத்துகளைக் கோத்து, கலைத்து, மறுபடி கோக்கும் கூலி எல்லாம் சில்வியா தலையில் விழுந்தது. ஜாய்ஸின் பேனாவை அவர் தடுக்கவில்லை.

1933 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் நாவலை ஆபாசமல்ல என்றது. மறு மாதமே ‘ரேண்டம் ஹவுஸ்’ அதை வெளியிட்டது. அந்தப் பதிப்பில் சில்வியாவுக்கு ஒரு காசும் இல்லை. டாலர் சரிவுக்குப் பின் அமெரிக்கர்களும் ஊர் திரும்பிவிட, கடை தள்ளாடியது. 1936-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் முதலானோர் கடையைக் காக்க நண்பர்கள் சங்கம் அமைத்துச் சந்தா திரட்டினார்கள். கவிஞர் டி.எஸ். எலியட் லண்டனிலிருந்து வந்து கவிதை வாசித்தார்.

இரண்டாம் உலகப்போரில் பாரிஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. 1941-ல் ஜெர்மானிய அதிகாரி ஒருவர் கடைக்கு வந்து ஜாய்ஸின் ‘ஃபின்னெகன்ஸ் வேக்’ நாவலைக் கேட்டார். தர மறுத்தார் சில்வியா. கடையையே பறிமுதல் செய்வதாக மிரட்டல் வந்தது. சில மணி நேரத்தில் நண்பர்களின் உதவியோடு புத்தகங்கள் அனைத்தும் மாடிக்கு ஏறின, பெயர்ப்பலகை மறைந்தது. அடுத்த ஆண்டு சில்வியா சுமார் ஆறு மாதம் ஜெர்மானியர்களின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். கடையை அவர் மீண்டும் திறக்கவில்லை. 1962-ல் காலமானார்.

இன்று நோத்ர தாம் தேவாலயத்தின் எதிர்க்கரையில் அதே பெயரில் இருப்பது, ஜார்ஜ் விட்மன் என்ற அமெரிக்கர் 1951-ல் தொடங்கிய வேறு கடை. சில்வியாவின் நினைவாக 1964-ல் பெயரை மாற்றிக்கொண்டது. பாரிஸ் போகிறவர்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஓதியோன் தெருவுக்கும் நடந்து போங்கள். ‘யுலிசஸ்’ வெளியான வீடு இது என்று 12-ஆம் எண் சுவரில் ஒரு கல்வெட்டு சொல்கிறது.