1964-இல் கடல் கொண்ட இரு ஊர்கள்

தனுஷ்கோடியையும் கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுவது முதலில் ஆண்டுதான். அங்கே 1964 மார்ச் 27 நள்ளிரவையொட்டி; இங்கே அதே ஆண்டு டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி. அது அலாஸ்கா நிலநடுக்கம் அனுப்பிய சுனாமி. இது வங்கக்கடல் புயல் உந்திய பேரலை. பிறப்பு வேறானாலும் உயரத்தில் இரண்டும் நெருங்கி நிற்கின்றன: அங்கே சுமார் 6 மீட்டர், இங்கே சுமார் 7 மீட்டர்.

தற்செயல் இத்துடன் நிற்கவில்லை. தனுஷ்கோடி மூழ்கிய அதே டிசம்பர் நாட்களில், கிரசென்ட் சிட்டிக்குத் தெற்கேயுள்ள கிளமத் என்ற ஊரை ஆற்று வெள்ளம் அழித்தது. அவ்வூர் பிறகு மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தது. இதில் பொருள் தேடவேண்டியதில்லை, வியந்துவிட்டுக் கடந்துவிடலாம்.

உயிரிழந்த விதத்தில் உள்ள உறவு அப்படிக் கடக்கத்தக்கதன்று. கிரசென்ட் சிட்டியில் நிலநடுக்கத்துக்கும் முதல் அலைக்கும் இடையே நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, எச்சரிக்கையும் வந்தது. இரண்டாம், மூன்றாம் அலைகள் முதல் அலையைவிடச் சிறியவையாக இருக்கவே, ஆபத்து நீங்கியது என்று எண்ணிச் சிலர் கடைகளைத் துப்புரவு செய்யத் திரும்பினர். நான்காவது அலையே மிகப் பெரியது. தனுஷ்கோடியிலோ பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், சிக்னல் செயலிழந்த இருளில் காத்து நின்று, பிறகு மெல்ல முன்னேறியது என்பதே பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அங்கே திரும்பி வந்தவர்களும் இங்கே முன்னேறியவர்களும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள் போலும்: இதுவரை வந்ததே பெரிது, இனி வருவது சிறிது.

அதன் பிறகு இரண்டும் பிரிகின்றன. கிரசென்ட் சிட்டி 29 தெருக்கட்டங்களை இழந்தும் அங்கேயே எழுந்தது. அழிந்த கரையோரத்தின் ஒரு பகுதியைப் பூங்காவாக விட்டுவைத்தது. தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற இடமென்று அரசு அறிவித்தது. இதை மன உறுதி, பணபலம் ஆகியவற்றின் வேறுபாடாக மட்டும் படிப்பது நியாயமில்லை. அதே புயல் சிதைத்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் மீட்ட நாட்டுக்கு உறுதியில் குறையில்லை. காரணம் நிலத்தில் இருக்கிறது. கிரசென்ட் சிட்டிக்குப் பின்னால் மேடு உண்டு. ஓடி ஏற இடம் உண்டு. தனுஷ்கோடிக்கு ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக் நீரிணை, நடுவே மணல் திட்டு. அங்கே பின்வாங்குவதற்குப் பின்புறமே கிடையாது. கைவிட்ட முடிவு சரியானதே என்பது என் கருத்து.

ஆனால் மீண்டெழுந்த ஊரைக் கடல் மறந்துவிடவில்லை. அதன் பிறை வடிவக் குடாவும் கடலடித் தரையமைப்பும் தொலைதூரச் சுனாமிகளைத் தன்பக்கம் இழுத்துப் பெருக்குகின்றன. 2006-இல் கூரில் தீவுகளிலிருந்தும், 2011-இல் ஜப்பானிலிருந்தும் வந்த அலைகள் துறைமுகத்தை உடைத்தன. சுனாமியைத் தாங்கும்படி அது மறுபடி கட்டப்பட்டது. இன்னும் பெரிய அச்சம் அருகிலேயே இருக்கிறது: 1700 ஜனவரியில் அதிர்ந்த காஸ்கேடியா நிலத்தட்டு எல்லை மீண்டும் அதிர்ந்தால், கிடைப்பது மணிகள் அல்ல, நிமிடங்கள்.

தனுஷ்கோடிக்கு இந்த நெருக்கடி இல்லை. புயல் செய்தி இன்று நாள்கணக்கில் முன்கூட்டியே வருகிறது. அதன் சிக்கல் வேறு. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின் பகலில் பயணிகள் குவிகிறார்கள். போவதற்கும் வருவதற்கும் அந்த ஒரே சாலைதான். மாலையில் பயணிகள் வெளியேறிவிடுகிறார்கள். கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட அம்மணலில் மீனவக் குடும்பங்கள் இரவும் தங்குகின்றன. பேரிடர்த் திட்டம் எதுவானாலும் அக்குடிசைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.