மாயக்கலையும் மகளிரும்: எர்த்ஸீ நாவல்கள் கடந்த வழி

ஆங்கிலத்தில் இளையோர்க்கென எழுதப்பெற்ற மாயப் புனைகதைகளில் பெண்ணுக்கு இடமே இல்லாதிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. 1900ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம் படைத்த ஆஸ் நாட்டுக் கதைக்கு டாரதி என்னும் சிறுமியே தலைவி. 1950இல் சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா நாவலில், அலமாரி வழியே மாய நாட்டுக்குள் முதலில் நுழைபவளும் லூசி என்னும் சிறுமியே. ஆயினும், மாய உலகுக்குச் சென்று மீளுதல் வேறு. மாய ஆற்றலைத் தன் உடைமையாகக் கொள்ளுதல் வேறு. முன்னது சிறுமியர்க்கு எளிதில் கிட்டியது. பின்னதை உடைய பெண்களோ, சூனியக்காரியராகவோ நல்தேவதையராகவோ கதையின் ஓரத்திலேயே பெரிதும் நின்றனர்.

இந்நிலை மாறிய வரலாற்றை அர்சுலா கே. லெ குவின் (1929–2018) என்னும் ஒரே படைப்பாளியின் நூல்வரிசையில் காண இயல்கிறது. மானிடவியல் அறிஞர் ஆல்ஃபிரட் குரோபரின் மகளான இவர், 1968இல் எர்த்ஸீ என்னும் தீவுக்கூட்ட உலகைக் களமாகக் கொண்ட முதல் நாவலை வெளியிட்டார். பொருள்களின் உண்மைப் பெயரை அறிந்தவனே அவற்றை ஆள்வான் என்பது அவ்வுலகின் அடிப்படை விதி. அப்பெயர்களைக் கற்பிக்கும் ரோக் தீவுப் பள்ளியில் ஆண்களுக்கு மட்டுமே இடமுண்டு. சிற்றூர்ப் பெண்களின் மந்திரமோ எளிமையானது, இழிந்தது எனக் கருதப்பட்டது. முதல் நாவலின் தலைவன் கெட் இப்பள்ளியில் பயின்றவனே.

1971இல் வெளிவந்த இரண்டாம் நாவல், அட்டுவான் கல்லறைகளைக் களமாகக் கொண்டது. இதன் தலைவி டெனார். இறந்துபோன தலைமைப் பூசாரிணியின் மறுபிறவி எனக் கருதப்பட்டு, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுகிறாள். பெயரில்லாத் தெய்வங்களுக்குப் படைக்கப்பட்ட அவளது சொந்தப் பெயரும் பறிக்கப்படுகிறது. ஒளி புகாத நிலவறையின் சிக்கல்வழிகள் அனைத்தும் அவளுக்கு மனப்பாடம். அங்கே திருட வந்த கெட்டைச் சிறைப்படுத்தும் அவள், பின்னர் அவன் உணர்த்திய தன் பெயரை மீட்டுக்கொண்டு அவனோடு வெளியேறுகிறாள். அவன் மந்திரமின்றி அவளுக்கு விடுதலையில்லை. அவள் வழிகாட்டலின்றி அவனுக்கும் உய்வில்லை. ஆயினும், ஆற்றல் ஆடவனிடமே தங்கிவிடுகிறது.

1972இல் மூன்றாம் நாவலோடு எர்த்ஸீ வரிசை நின்றது. அடுத்த நூல் வெளிவரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அவ்விடைக்காலத்தில் பிறர் புதுவழி கண்டனர். டமோரா பியர்ஸ் 1983இல் தொடங்கிய நான்கு நாவல்களில், அலன்னா என்னும் பெண் ஆண்வேடம் பூண்டு வீரர்பயிற்சி பெறுகிறாள். ராபின் மெக்கின்லியின் ஏரின், நெருப்புத் தாக்காத களிம்பைத் தானே பலமுறை செய்து பார்த்துக் கண்டறிந்து, பறவைநாகத்தைக் கொல்கிறாள். 1984இல் வெளிவந்த அந்நாவல் 1985ஆம் ஆண்டின் நியூபெரி பதக்கம் பெற்றது. ஆடவர் ஏந்திய வாளைப் பெண்ணும் ஏந்தலாம் என இவை நாட்டின.

லெ குவின் 1990இல் வெளியிட்ட 'டெஹானு' வேறொரு வினாவை எழுப்பியது: வாளும் கோலும் மட்டுமே ஆற்றலா? இந்நாவலில் டெனார் உழவர் குடும்பத்து நடுவயதுக் கைம்பெண். கெட்டோ மந்திரம் முற்றும் இழந்தவன். தன் சுற்றத்தாராலேயே தீயில் எறியப்பட்டு, முகமும் கையும் கருகிய ஒரு சிறுமியை டெனார் வளர்க்கிறாள். ஊரார் அஞ்சி ஒதுக்கிய அக்குழந்தையின் அழைப்புக்கே இறுதியில் பறவைநாகம் செவிசாய்த்து வந்து அவர்களைக் காக்கிறது. எப்பள்ளியும் கற்பிக்காத ஆற்றல் அது.

2001இல் வெளிவந்த எர்த்ஸீ கதைத்தொகுதி இன்னும் ஒருபடி முன்சென்றது. ரோக் பள்ளியை நிறுவியவர்களுள் பெண்களும் இருந்தனர் என்றும், பின்னரே அவர்கள் விலக்கப்பட்டனர் என்றும் அது கூறுகிறது. முதல் நூலில் இயற்கைநியதிபோல் தோன்றிய ஒன்று, மனிதர் செய்த ஏற்பாடே என்பது இங்கு வெளிப்படுகிறது.

வீரக்கதை மரபு ஆண்மரபாகவே இருந்ததையும், தாமும் அதற்குள் நின்றே எழுதியதையும் லெ குவின் 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் ஆராய்ந்தார். எனினும், முன்னைய நாவல்களை மறைக்கவோ திரும்ப எழுதவோ அவர் முற்படவில்லை. தாம் படைத்த உலகுக்குள்ளேயே மீண்டும் நுழைந்து, அங்குப் பேசாதிருந்தோரைப் பேசவைத்தார். முப்பத்துமூன்று ஆண்டுகளாகத் தம்மையே வினவிக்கொண்ட அந்நேர்மையே, இந்நாவல்களைப் பயிலும் இளையோர் பெறத்தக்க அரும்பேறு எனலாம்.